துப்பாக்கி ஒருவரிடம், கஜானா ஒருவரிடம்

1965 பிப்ரவரியில் தென் வியட்நாமின் பிரதமரான ஃபான் ஹுய் குவாட் ஒரு மருத்துவர். அவருக்கு முன்பு பிரதமராக இருந்த சான் வான் ஹுவாங் பள்ளி ஆசிரியர். ஹுவாங்கை அன்றைய ராணுவத் தலைவர் ஜெனரல் கான் ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பினார். குவாட் ஜூன் மாதம் தானாகவே ஆட்சியை ராணுவத்திடம் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். போர்க்காலத்தில் படைபலம் இல்லாத ஆட்சியாளர் படும் பாட்டுக்கு அந்நாட்டுத் தலைநகர் சைகோனைச் சொல்வார்கள். செங்கல்பட்டுக்காரர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

1763-ல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த ஜாகீர்தான் செங்கல்பட்டுச் சீமை. 1780-ல் ஹைதர் அலி மலையிறங்கி வந்தபோது முதல் அடி விழுந்தது இங்கேதான். செப்டம்பர் 10 அன்று புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. உதவிக்குப் போகாமல் காஞ்சிபுரத்தில் இருந்த சர் ஹெக்டர் மன்றோ, கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஊர்கள் எரிந்தன. உழவு மாடு போயிற்று. பிழைத்தவர்கள் சென்னைக்கு நடந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் 1782-ல் தொடங்கிய கஞ்சித் தொட்டியின் பெயர், இன்றும் அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசும் வடசென்னைப் பெரியவர்கள் வாயில் வருகிறது.

இந்த நிலையில் 1781 ஜூனில் சென்னைக்குக் கவர்னராக வந்து இறங்கியவர் ஜார்ஜ் மெக்கார்ட்னி. கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர் அல்ல, ராணுவத்தாரும் அல்ல. அயர்லாந்து அரசியலில் ஊறிய பிரபு, ரஷ்யாவில் தூதராக இருந்தவர். வந்த கையோடு டச்சுக்காரர்களிடமிருந்து சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தார். கல்பாக்கம் பக்கம் போகிறவர்கள் அந்தக் கோட்டையில் சித்திரம் செதுக்கிய கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்; அதற்கு நேரே கடலில் 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலேயர் ஹியூஸும் மோதியதைச் சொல்வார் அங்கே குறைவு.

மெக்கார்ட்னிக்குச் சுலபமாக முடிந்த காரியம் அநேகமாகச் சதுரங்கப்பட்டினத்தைப் பிடித்தது ஒன்றுதான். படையை நடத்தியவர் சர் அயர் கூட். அவருக்கு வங்காளத்திலிருந்து கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் தனி அதிகாரம் கொடுத்திருந்தார். கவர்னரிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அரிசியும் வண்டி மாடும் மட்டும் கவர்னர் தர வேண்டும்! பணத்துக்காக 1781 டிசம்பரில் நவாபின் வருவாயை மெக்கார்ட்னி கம்பெனி கைக்கு மாற்றினார். நவாபுக்கு ஆறில் ஒரு பங்கு. கொஞ்ச நாளிலேயே நவாப் கல்கத்தாவுக்குப் புகார் எழுத, ஹேஸ்டிங்ஸ் வருவாயைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். மெக்கார்ட்னி மறுத்துவிட்டார். என் பார்வையில் அவர் செய்த துணிச்சலான வேலை இதுதான். பீரங்கிக்கும் சோற்றுக்கும் வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

1783-ல் கூட் இறந்தார். அடுத்து வந்த ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் லேசான ஆள் இல்லை. 1776 ஆகஸ்ட் 24 அன்று கவர்னர் பிகட் பிரபுவோடு ஒரே வண்டியில் போய், வழியிலேயே அவரைக் கைது செய்ய வைத்தவர். பிகட் மறு வருஷம் காவலிலேயே செத்துப்போனார். அதே ஸ்டூவர்ட், கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கப் போகச் சொன்னால் ஆடி அசைந்து போகிறார், உத்தரவுக்கு முகம் கொடுக்க மறுக்கிறார். பிகட்டுக்கு நடந்தது தனக்கும் நடக்குமோ என்று மெக்கார்ட்னி பயந்ததில் தப்பில்லை. அவர் முந்திக்கொண்டார். 1783 செப்டம்பரில் ஸ்டூவர்ட்டைக் கைது செய்து கப்பலேற்றினார். குவாட்டுக்கும் ஹுவாங்குக்கும் வாய்க்காத காரியம். சிப்பாய்கள் கவர்னரின் சொல்லைக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஸ்டூவர்ட் மறக்கவில்லை. 1786-ல் லண்டனில் மெக்கார்ட்னியைத் துப்பாக்கிச் சண்டைக்கு அழைத்தார். 1781-ல் புள்ளலூர்ப் பக்கம் நடந்த இரண்டாவது சண்டையில் ஒரு காலை இழந்தவர், மரத்தில் சாய்ந்து நின்றபடி சுட்டு மெக்கார்ட்னியைக் காயப்படுத்தினார்.

மெக்கார்ட்னி அதற்கு முன்பே, 1785-ல், பதவியை விட்டிருந்தார். நவாபின் வருவாயை நவாபுக்கே திருப்பித் தரும்படி லண்டனே உத்தரவிட்ட பிறகு அவரால் இருக்க முடியவில்லை. கவர்னர் ஜெனரல் பதவி தேடி வந்தும் அவர் ஏற்கவில்லை. 1786-ல் அதில் உட்கார்ந்த காரன்வாலிஸ், தலைமைத் தளபதி பொறுப்பையும் தன்னிடமே தரவேண்டும், கவுன்சிலை மீறும் அதிகாரமும் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறினார். அவர் ராணுவத்துக்காரர்.