மொட்டைமாடியுடன் கூடிய தானுந்துக் கொட்டில்

மொட்டைமாடியுடன் கூடிய தானுந்துக் கொட்டில் என்பது, தானுந்து (கார்) நிறுத்தும் கொட்டிலின் தட்டையான கூரையை, மக்கள் ஏறிப் புழங்கும் திறந்த தளமாகவும் பயன்படுமாறு அமைப்பதைக் குறிக்கும். நிலத்தின் விலை மிகுந்த நகர்ப்புறங்களில், ஒரே பரப்பை இருமுறை பயன்படுத்த இது உதவுகிறது. இத்தகைய தளம் கீழுள்ள கொட்டிலுக்குக் கூரையாகவும், மேலே நடப்பவர்களுக்குத் தரையாகவும் ஒரே நேரத்தில் செயற்பட வேண்டும். எனவே, வீட்டின் வரைபடத்தைத் தயாரிக்கும்போதே இதனைத் திட்டமிடுவது அவசியமாகும்.

அளவும் மட்டமும்

சிறிய, நடுத்தரத் தானுந்துகள் பொதுவாக 3.5 முதல் 4.5 மீட்டர் வரை நீளமும், சுமார் 1.7 மீட்டர் அகலமும் கொண்டவை. கதவுகளைத் திறந்து இறங்கவும் இடம் தேவைப்படுவதால், 3 மீட்டர் அகலமும் 6 மீட்டர் நீளமும் உள்ள கொட்டில் வசதியாக இருக்கும். இதன் மேல் 18 சதுர மீட்டர் தளம் கிடைக்கும். கொட்டிலின் உயரம் வீட்டு அறைகளின் உயரத்தைவிடக் குறைவாக இருக்கலாம். அவ்வாறு அமைத்தால், மொட்டைமாடி வீட்டின் மேல்மாடித் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். மழைநீர் கதவின் வழியாக வீட்டினுள் புகாது.

சுமை

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 (பகுதி 2, 1987) என்னும் விதித்தொகுப்பு, பராமரிப்புக்காக மட்டும் ஏறும் தட்டைக் கூரைக்குச் சதுர மீட்டருக்கு 0.75 கிலோநியூட்டன் சுமையையும், மக்கள் புழங்கும் கூரைக்கு 1.5 கிலோநியூட்டன் சுமையையும் குறிப்பிடுகிறது. பின்னையது ஏறத்தாழ 150 கிலோகிராம் எடைக்குச் சமம். இது காங்கிரீட்டின் சொந்த எடைக்கு மேலதிகமானது. மாறாக, 20 செ.மீ. தடிப்பில் நிரப்பிய ஈரமண்ணின் எடை மட்டுமே சதுர மீட்டருக்கு 350 கிலோகிராம் அளவுக்கு வரக்கூடும். ஆகவே, சாதாரணக் கூரையாகக் கட்டியதன்மேல் பின்னர் மாடித்தோட்டம் அமைப்பது ஆபத்தானது. தோட்டம் அமைக்கும் எண்ணம் இருப்பின், அதனை அமைப்புப் பொறியாளருக்கு முன்னரே தெரிவிக்க வேண்டும்.

மழைநீர்

தட்டையான கூரை எனப்பட்டாலும், நீர் வடிவதற்காகத் தளம் சற்றுச் சரிவாகவே அமைக்கப்படும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில், 6 மீட்டர் நீளத்துக்கு 6 செ.மீ. இறக்கம் கிடைக்கும். தமிழ்நாட்டில், காங்கிரீட்டுத் தளத்தின்மேல் சுண்ணாம்பும் செங்கற் சல்லியும் கலந்த அடுக்கை இட்டு, அதன்மேல் தட்டோடு பதிக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

நீர்க்கசிவு பெரும்பாலும் தளத்தின் நடுவில் அன்றி, தளமும் சுவரும் சேரும் மூலைகளிலும், வடிகுழாயைச் சுற்றியும் தொடங்குகிறது. கொட்டிலும் வீடும் வெவ்வேறு அளவில் அமிழ்ந்தால், அவை இணையும் இடத்திலும் வெடிப்பு உண்டாகும். எனவே நீர்த்தடுப்பு அடுக்கைச் சுவரிலும் சிறிது உயரம் ஏற்றுவது வழக்கம். வடிகுழாய் அடைபட்டு 15 செ.மீ. உயரத்துக்கு நீர் தேங்கினால், மேற்கூறிய 150 கிலோகிராம் சுமை முழுவதும் நீராலேயே நிரம்பிவிடும். இதனைத் தவிர்க்கக் கைப்பிடிச் சுவரில் மிகைநீர் வெளியேறும் துளை விடப்படுகிறது.

பாதுகாப்பு

மொட்டைமாடியைச் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் கைப்பிடிச் சுவர் தேவை. தானுந்தின் புகையில் நச்சு வளிமமான கார்பனோரொட்சைட்டு உள்ளதால், கொட்டிலின் காற்றுப்போக்கிகள் வீட்டுச் சாளரங்களுக்கு அருகில் இருத்தல் கூடாது.

எடுத்துக்காட்டு

லெ கொபூசியேயும் பியரே சான்னரேயும் வடிவமைத்து, 1928க்கும் 1931க்கும் இடையில் பிரான்சின் புவாசி நகரில் கட்டப்பட்ட வில்லா சவோய் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. தானுந்து திரும்பத் தேவையான வளைவைக் கருத்திற்கொண்டு அதன் நிலத்தளம் வடிவமைக்கப்பட்டது. அத்தளத்தில் தானுந்துக் கொட்டிலும், மேல்மாடியில் திறந்த தளமும், கூரையில் வெயில்காயும் இடமும் இருந்தன. ஆனால் தட்டையான கூரையில் நீர் கசிந்தது. கூடத்தில் மழைநீர் விழுவதாகவும், கொட்டிலின் சுவர் முற்றிலும் நனைந்திருப்பதாகவும் வீட்டு உரிமையாளரான சவோய் அம்மையார் 1936ல் கட்டிடக்கலைஞருக்கு எழுதினார். 1940ல் அக்குடும்பம் வீட்டைவிட்டு வெளியேறியது. 1965ல் பிரான்சின் வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கட்டிடம், 2016ல் லெ கொபூசியேயின் பிற ஆக்கங்களுடன் யுனெசுக்கோ உலக பாரம்பரியக் களமானது. நவீன கட்டிடக்கலையின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இவ்வீடு, மொட்டைமாடிக்கு நீர்த்தடுப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதையும் காட்டுகிறது.