பழைய கார்: வாங்காமலும் ரசிக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் வீட்டு ஆண் எங்கே இருப்பார்? சந்தையில் என்பீர்கள் சிலர். இன்னும் எழும்பவில்லை என்பீர்கள் வேறு சிலர். ஆனால் ஒரு சில சகோதரிகள் மட்டும் பெருமூச்சு விட்டுக்கொண்டு, "காருக்கு அடியில்" என்பார்கள். அறுபது வயதான ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்டினோ முற்றத்தில் நிற்கும். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். தேநீர் ஆறிப்போயிருக்கும். அந்தக் காரைச் சக்களத்தி என்று சொல்லிச் சிரிக்கும் வீடுகளும் எனக்குத் தெரியும்.

சகோதரிகளே, இது ஆண்களுக்கு மட்டும் உரிய பைத்தியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். மோட்டார் காரின் சரித்திரத்தில் முதல் நெடும்பயணம் போனதே ஒரு தாய்தான். 1888 ஓகஸ்டில் பேர்த்தா பென்ஸ் என்ற ஜேர்மன் பெண், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, அவர் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். எரிபொருள் முடிந்தபோது வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கினார், ஏனென்றால் அப்போது பெற்றோல் நிலையம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லை. குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தோல் வைத்துக்கொண்டார். அந்த வண்டி செய்வதற்குப் பணம் வந்ததும் அவருடைய சீதனத்திலிருந்துதான். அதுவரை வாங்க ஆளில்லாமல் கிடந்த வண்டியை நம்பலாம் என்று ஊருக்குக் காட்டியது அந்தப் பயணம். கார்ல் பென்ஸின் பழைய தொழிற்சாலை இன்று லாடன்பூர்க் நகரில் நூதனசாலையாக இருக்கிறது.

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இவ்வளவு பழைய கார்கள் எப்படி மிஞ்சின? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, கையிலிருந்த காரை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டியிருந்தது. உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் பாஸ்மார் பட்டறையில் தாமே கடைந்து கொடுத்தார்கள். ரசனைக்காக யாரும் அந்தக் கார்களைக் காப்பாற்றவில்லை, வழியில்லாமல்தான் காப்பாற்றினார்கள். அந்தக் கைப்பழக்கம் எவ்வளவு தூரம் போனதென்றால், 1990களில் காலியில் மொறிஸ் மைனருக்கான பாகங்கள் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள். கார் பிறந்த நாட்டுக்கு நாம் பாகம் அனுப்பினோம்!

மொறிஸ் மைனரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்துக்கொண்டால் கண்காட்சியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல், அப்போது உஸ்மானிய ஆட்சியின் கீழிருந்த இஸ்மிர் நகரில் பிறந்தவர். கார் 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளியானது. தயாரிப்பு தொடங்கப் போகும் நேரத்தில் அவருக்கு அது ஒடுக்கமாக இருப்பதாகப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். போனட்டின் நடுவே மேலிருந்து கீழே ஓடும் தட்டையான பட்டையைக் கவனித்திருக்கிறீர்களா? அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். சட்டை சிறிதானபோது நடுவில் துண்டு வைத்துத் தைப்போமே, அதே வேலைதான்.

காரின் வயதைக் கண்டுபிடிப்பதும் சுலபம். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தால் அது 1956க்கு முந்தியது. கதவுக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூணிலிருந்து கைபோல வெளியே நீட்டும் சமிக்ஞை இருந்தால் 1961க்கு முந்தியது. இலக்கத் தகட்டையும் பாருங்கள். ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்ற ஆங்கில எழுத்துகள் 1950களின் பிற்பகுதியில் 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்தியவை. என் இளைய மகன் இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு, கண்காட்சிக்கு வந்திருந்த பெரியவர்களிடமே பரீட்சை வைத்தான். 1971இல் தயாரிப்பு நிற்கும்போது 16 இலட்சத்துக்கும் அதிகமான மொறிஸ் மைனர்கள் செய்யப்பட்டிருந்தன.

ஆனால் வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. கணவர் "மலிவாக ஒன்று கிடக்கிறது" என்று வந்து நின்றால், விலையைக் கேட்பதற்கு முதல் அடித்தகட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே புதுப் பெயின்ற் மினுங்கும், கீழே துரு தின்றிருக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் மோசம். எஞ்சின் வேலைக்கு ஒரு கணக்குச் சொல்லலாம், துரு வேலைக்குக் கணக்கே கிடையாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு கார் மூன்று வருடம் கட்டைகளின் மேல் நின்றது. மூத்த மகளின் வகுப்புக் காசும் ஒரு மாதம் அதற்குள் போனது. அன்று நான் போட்ட சண்டையை அவர் இன்னும் மறக்கவில்லை, நானும்தான். 2022இல் பெற்றோல் கியூஆர் பங்கீட்டுக்கு வந்தபோது அந்தக் காரை விற்றார். அதற்குப் பிறகுதான் பழைய காரை உண்மையாக ரசிக்கத் தொடங்கினோம் என்றால் நம்புவீர்களா? கண்காட்சிக்குப் போவோம், பார்ப்போம், படம் எடுப்போம், வீட்டுக்கு வருவோம். துரு அடுத்தவருடையது.

இந்த ஆசை எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சில் ஒரு கதை இருக்கிறது. மூலூஸ் நகரில் ஷ்லும்ப் சகோதரர்கள் இருவருக்குக் கம்பளி நூல் ஆலைகள் இருந்தன. ஆலையின் கட்டடமொன்றுக்குள் யாருக்கும் காட்டாமல் நானூறுக்கும் அதிகமான கார்களைச் சேர்த்தார்கள். புகாட்டி கார்கள் மட்டும் நூற்றுக்கு மேல். கார்களுக்கு நடுவே பாரிஸ் பாலமொன்றின் விளக்குகளைப் போலவே செய்வித்த தெருவிளக்குகள் வேறு. ஆலைகள் நட்டத்தில் விழுந்தன, தொழிலாளர் வேலை இழந்தனர், சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் தொழிலாளர்கள் உள்ளே புகுந்து பார்த்தபோது, தங்கள் சம்பளம் எங்கே போனது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும், நினைத்துப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டு வருடம் அவர்களே இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சேகரிப்பை அரசு பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தது. 1982 முதல் அது தேசிய நூதனசாலை. இன்று யாரும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கலாம். கூலிக்காரனின் ஹக்கைக் கொடுக்காமல் வைத்த அழகு என்பதை மட்டும் என்னால் மறந்து பார்க்க முடியாது.

நமது குடும்பங்களில் யாராவது ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார் அல்லவா? ஷார்ஜாவில் 2008இல் திறந்த பழைய கார் நூதனசாலை இருக்கிறது. விடுமுறை நாளில் பிள்ளைகளோடு போக உகந்த இடம். ஜோர்தானின் அம்மானில் மறைந்த மன்னர் ஹுசைனின் கார்களை வைத்து 2003இல் அமைத்த அரச நூதனசாலை உண்டு. வைத்தியத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ தமிழ்நாடு போகிறவர்கள் கோயம்புத்தூர் பக்கம் போனால், ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் நூதனசாலையை அவினாசி வீதியில் பார்க்கலாம். இவ்வளவு தூரம் எதற்கு, கொழும்பு காலிமுகத்திடல் ஹோட்டலிலேயே ஒரு சிறிய கார் நிற்கிறது: 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட். எலிசபெத் மகாராணியின் கணவர் பிலிப், 1940இல் இளம் கடற்படை அதிகாரியாக இங்கே இருந்தபோது வாங்கி ஓட்டியது. இளவரசர் ஓட்டிய கார் என்றால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று போனேன். நம் ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர் ஓட்டியிருக்கக்கூடிய அளவுதான்.

படம் எடுப்பதைப் பற்றியும் எழுத வேண்டும். பெரிய கமெரா தேவையில்லை, கைத்தொலைபேசி போதும். நடுப்பகல் வெயிலில் எடுத்தால் குரோம் பாகங்கள் எல்லாம் வெள்ளையாக எரிந்துவிடும். காலையில் வெள்ளெனப் போங்கள், அல்லது அஸருக்குப் பிறகு போங்கள். மப்பும் மந்தாரமுமான நாள் இன்னும் நல்லது. நின்றபடி எடுத்தால் கார் சப்பையாகத் தெரியும். காரின் விளக்குக் கண் உயரத்துக்குக் குனிந்து, முன்பக்க மூலையிலிருந்து எடுங்கள். பளபளக்கும் பம்பரிலும் சக்கர மூடியிலும் எடுப்பவரின் உருவம் விழுவதுதான் பெரிய தொல்லை. வெளிர்நிறச் சட்டை போட்ட ஆண்கள் படத்தில் பேய்போலத் தெரிவார்கள். இதற்காகவே சில புகைப்படக்காரர்கள் கறுப்பு உடுத்துப் போவார்கள். நமக்கு அந்தச் செலவும் இல்லை, அபாயா இருக்கிறதே! கைப்பையை மட்டும் கதவில் உரசவிடாதீர்கள், கொக்கி கீறிவிடும். உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு முதல் சொந்தக்காரரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கதவையே திறந்துவிட்டு, நாம் போதும் என்னும் வரை கதை சொல்வார்.

காரை மட்டும் எடுக்காமல் மனிதரையும் சேர்த்து எடுங்கள். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

என் உம்மாவின் தம்பி யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் ஏ-40 சமர்செற் ஹயர் ஓடினார். 1952க்கும் 1954க்கும் இடையில் மட்டும் செய்த, முதுகு உருண்ட கார். கலியாணம், பிரசவம், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ரயிலடிக்கு விடுவது, எல்லாம் அதில்தான். எங்கள் தெருப் பிள்ளைகளில் பாதிப்பேர் பிறந்து வீட்டுக்கு வந்தது அந்தக் காரில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது கார் வீட்டோடு நின்றுவிட்டது. நாங்கள் புத்தளம் வந்து சேர்ந்தோம். திறப்பு மட்டும் மாமாவின் சட்டைப் பையில் வந்தது. அதன் பிறகு யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் அந்த வகைக் கார்கள்தான் ஊரைச் சுமந்தன. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எஞ்சினில் அமுக்கம் குறைவு என்பதால் அது தாங்கியது, புதிய கார்களால் முடியவில்லை. இதைக் கேள்விப்பட்டபோது மாமா சந்தோஷப்பட்டார் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். "அப்ப நம்மட காரும் ஓடியிருக்கும்" என்றார்.

2002இல் பாதை திறந்தபோது போய்ப் பார்த்தார். வீட்டுக்குக் கூரை இல்லை, கார் இல்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வீதியில் நின்று, போகிற வருகிற ஏ-40களின் இலக்கத்தையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்தக் காருக்கு எங்களிடம் ஒரு படமும் இல்லை. அதன் முன்னால் எடுத்த கலியாணப் படங்கள் இருந்தன, அல்பத்தோடு அங்கேயே போய்விட்டன.

சில வருடங்களுக்கு முன் கொழும்பில் ஒரு கண்காட்சிக்கு மாமாவையும் கூட்டிப்போனோம். வரிசையின் கடைசியில் ஒரு சமர்செற் நின்றது, அதே பச்சை நிறம். அவருடையதல்ல, இலக்கம் வேறு. சொந்தக்காரப் பிள்ளை விஷயத்தைக் கேட்டதும், "ஏறி இருங்க, அங்கிள்" என்று கதவைத் திறந்துவிட்டது. மாமா இருந்தார். ஸ்டியரிங்கின் கீழிருந்த கியர்க் கம்பியில் கை தானாகப் போய் நின்றது. நான் குனிந்து, விளக்கு உயரத்திலிருந்து இரண்டு படம் எடுத்தேன். ஒன்றில் பம்பரில் என் நிழல் விழுந்துவிட்டது, மற்றது நன்றாக வந்தது. அதைத்தான் கழுவி, பின்பக்கம் திகதி எழுதிக் கொடுத்தேன். இறங்கும்போது அந்தப் பிள்ளையிடம், "மகன், இந்தக் கதவுப் பிடி இந்தக் காருக்குரியதல்ல. ஒரிஜினல் ஒன்று தேடிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.