பிக்கப் பொருத்திய பழைய தஞ்சாவூர் வீணை: வாங்கும்முன் பார்க்க வேண்டியவை

தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் கடைந்து செய்யப்படும், ஏழு தந்திகள் கொண்ட இசைக்கருவி. காவிரிப் படுகை ஊர்களில் சில வீடுகளில் பாட்டியோ அத்தையோ வாசித்த வீணை ஒன்று இன்னும் இருக்கும். சரசுவதி பூசையன்று மட்டும் உறையிலிருந்து வெளியே வரும். இத்தகைய வீணைகளும், மேடைக் கலைஞர்கள் புதியது வாங்கும்போது விற்கும் வீணைகளும் மாணவர்களின் கைக்கு வந்து சேர்கின்றன. மேடை கண்ட வீணைகள் பலவற்றில், நாதத்தை மின்சாரமாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் பொருத்தப்பட்டிருக்கும். முதலில் பொருத்தியதைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்திருப்பதும் உண்டு.

பிக்கப் இருப்பதால் வீணையின் விலை கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்பது வாங்குபவர் முன் நிற்கும் கேள்வி. பிக்கப் எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, அதைப் பொருத்துவதற்காக மரத்தில் என்ன செய்தார்கள் என்பதே இதற்கு விடை சொல்லும்.

கருவியின் அமைப்பு

இன்றைய வீணையின் 24 மெட்டு அமைப்பு, தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலைபெற்றதாகக் கூறப்படுகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பண்ருட்டிப் பகுதியின் பலா மரம் இதற்குப் பெயர்பெற்றது.

குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்த வீணைக்கு விலை அதிகம். ஒட்டு வீணையை ஏகாந்த வீணை என்று சொல்லி விற்றால் வாங்குபவருக்கு நட்டம். குடமும் தண்டியும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். அந்த இடத்தில் மட்டும் புதிதாக வார்னிஷ் பூசியிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

வாசிப்புத் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். தாளத் தந்திகள் மூன்று பக்கவாட்டில் செல்கின்றன. மெட்டுகள் வெண்கலத்தால் ஆனவை. தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த மெழுகில் அவற்றைப் பதிக்கிறார்கள். இந்த வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர்.

இருவகைப் பிக்கப்

வீணையில் காணப்படும் பிக்கப்புகள் இரு வகை. காந்தப் பிக்கப்பில் காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கும். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த முதல் எலெக்ட்ரிக் கிதார்களில் இருந்த முறை இதுதான். மற்றது காண்டாக்ட் மைக். அது மரத்தோடு ஒட்டிக்கொண்டு மரத்தின் அதிர்வை வாங்கும். அதனுள் இருக்கும் பீசோ வில்லை, அழுத்தம் மாறும்போதெல்லாம் மின்னழுத்தத்தை உண்டாக்கும்.

காந்தப் பிக்கப் இரும்புச் சத்துள்ள தந்தியை மட்டுமே உணரும். மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் வெறும் பித்தளைத் தந்தி போட்டிருந்தால் அவ்விரண்டும் ஒலிபெருக்கியில் ஏறக்குறைய ஊமையாகிவிடும். எஃகின் மேல் செம்பு சுற்றிய தந்தி போட்டால் கேட்கும். எனவே இரண்டு தந்திகள் மட்டும் கேட்கவில்லை என்பதற்காகப் பிக்கப் பழுது என்று முடிவு கட்டக் கூடாது. தாளத் தந்திகள் பிக்கப்பின் எல்லைக்கு வெளியே இருப்பதால் அவையும் மெலிந்தே ஒலிக்கும்.

காண்டாக்ட் மைக்கில் எல்லாத் தந்திகளும் கேட்கும். ஆனால் விரல் உரசுவதும், மோதிரம் படுவதும், குடத்தைத் தொடுவதும் சேர்ந்தே கேட்கும். ஒலிபெருக்கி அருகில் இருந்தால் ஊளையிடும்.

கிதாருக்குச் சொல்வது வீணைக்குப் பொருந்துமா

கட்டை உடல் கொண்ட எலெக்ட்ரிக் கிதாரில் பிக்கப்தான் குரல். மின்சாரம் இல்லாமல் வாசித்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும். அதனால் பழைய கிதாரை வாங்குபவர்கள் பிக்கப் முதலில் இருந்ததா, மாற்றியதா என்று துருவிக் கேட்கிறார்கள். சேகரிப்பாளர்கள் தேடும் பழைய கிதாரில் பிக்கப்பை மாற்றியிருந்தால் விலை இறங்கும். வாசிக்க வாங்குபவருக்கோ நல்ல பிக்கப்பாக மாற்றியிருப்பது லாபமாகவும் இருக்கலாம். யு. ஸ்ரீநிவாஸ் கர்நாடக இசை மேடையில் நிலைநாட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினும் பிக்கப்பை நம்பிய கருவியே.

வீணையின் நிலை வேறு. அதன் குரல் குடத்திலும் மேற்பலகையிலும் குதிரையிலும் பிறக்கிறது. பிக்கப் அதைத் தூக்கிச் செல்லும் வண்டி மட்டுமே. வெளிநாட்டுப் பிக்கப் போட்டது என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தப் பிக்கப்பைத் தனியாக வாங்க எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, பழையது என்பதற்காகக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்தால் போதும். வீணையின் விலையை வீணையை வைத்தே பேச வேண்டும்.

மரத்தில் என்ன செய்திருக்கிறார்கள்

பிக்கப்பைப் பொருத்தும் வழிகளைத் தீங்கின் அளவுப்படி மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இருபக்கமும் ஒட்டும் பட்டையாலோ மெழுகாலோ ஒட்டுவது. கழற்றினால் தடம்கூட இருக்காது. ஒயரும் வெளியிலேயே செல்லும்.

இரண்டாவது, வலுவான பசையால் ஒட்டுவது. எடுக்கும்போது மெருகு உரியும். மேற்பலகை மெல்லியது, அதன்மேல் கனமான பொருள் நிரந்தரமாக ஒட்டியிருந்தால் அதிர்வு அடங்கி நாதம் மங்கும்.

மூன்றாவது, மரத்தை வெட்டுவது. மேற்பலகையில் பிக்கப் உட்காரக் குழி எடுப்பது, திருகு முடுக்குவது, குடத்தின் பக்கத்தில் ஜாக் வைக்கத் துளையிடுவது எல்லாம் இதில் அடங்கும். பிக்கப்பை மாற்றும்போது புதியது பழைய குழியில் அடங்காவிட்டால் குழியை இன்னும் பெரிதாக்குவார்கள். துளையைச் சுற்றி மரநரம்பின் போக்கில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று விளக்கு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். குடத்தின் பக்கத்தில் உள்ள சிறு ஜாக் துளையைப் பொறுத்துக்கொள்ளலாம். மேற்பலகையில் வெட்டிய குழியை அடைத்து மெருகிட்டாலும் பழைய நாதம் திரும்பும் என்று எதிர்பார்க்க முடியாது.

முதலில் மின்சாரம் இல்லாமல்

விற்பவர் ஒலிபெருக்கியில் இணைத்து வாசித்துக் காட்டினால் கேட்டுக்கொள்ளலாம். முடிவு செய்ய வேண்டாம். ஒலிபெருக்கி மங்கிய நாதத்தையும் பெரிதாக்கிக் காட்டும். ஒயரைப் பிடுங்கிவிட்டு அமைதியான அறையில் கீழ்க்கண்டவற்றைப் பார்க்க வேண்டும்.

1. நாதம்: சாரணியை ஒருமுறை மீட்டி, ஒலி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். நல்ல குடத்தில் நாதம் மெல்லத் தேயும்; சட்டென்று அறுந்து போகாது.

2. மெட்டு: ஸட்ஜத்தில் சேர்த்த சாரணியின் 12ஆம் மெட்டில் மேல் ஸட்ஜமும், 24ஆம் மெட்டில் அதற்கும் மேல் ஸட்ஜமும் பேச வேண்டும். ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை இழுத்து வாசிக்கும்போது அடுத்த மெட்டில் தட்டிக் கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. தண்டி: யாளிப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் வளைவு தெரியும். மெழுகு இளகியதால் வந்த சுருதிப் பிசகை மேளம் கட்டிச் சரிசெய்யலாம். தண்டியே வளைந்திருந்தால் மேளம் கட்டித் தீராது.

4. குதிரை: அதன் மேல் உள்ள உலோகத் தகட்டில் தந்தி பதிந்து பள்ளம் விழுந்தால் ஒலி கெடும். இதைத் தேய்த்துச் சரிசெய்யவோ மாற்றவோ முடியும்.

5. பிருடை: நழுவினால் சீர்செய்யலாம். பிருடை நுழையும் துளையின் ஓரத்தில் விரிசல் இருந்தால் எச்சரிக்கை தேவை.

6. உளு: பரணில் கிடந்த வீணையாக இருந்தால் குடத்தைத் தலைகீழாக்கிக் கீழே வெள்ளைத் துணி விரித்து மெல்லத் தட்ட வேண்டும். மாவுபோலத் தூள் விழுந்தால் உளுத்திருக்கிறது என்று பொருள்.

டெல்டாவின் பருவமும் கணக்கில் வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் உப்பி இணைப்பு இறுகியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் அதே இணைப்பு வாய் திறக்கும், மெழுகும் இளகும். மழைக்காலத்தில் வாங்குபவர் இணைப்புகளை இன்னும் கூர்ந்து பார்ப்பது நல்லது. குளிர்சாதன அறைக்கோ வறண்ட குளிர் நாட்டுக்கோ கொண்டுசெல்வதாக இருந்தால், ஏற்கெனவே உள்ள சிறு விரிசலும் வளரக்கூடும்.

பிறகு மின்சாரத்துடன்

ஒயரை இணைத்து ஜாக்கை லேசாக அசைத்தால் கரகரப்பு வரக் கூடாது. வந்தால் பெரும்பாலும் இணைப்பின் கோளாறு, செலவு குறைவு. மல்ட்டிமீட்டரில் காந்தப் பிக்கப் சில ஆயிரம் ஓம் காட்ட வேண்டும். எதுவும் காட்டாவிட்டால் சுருளோ ஒயரோ அறுந்திருக்கும். பீசோ வில்லையைத் தனியாக அளந்தால் எதுவும் காட்டாது, அது பழுதாகாது.

தொடர்ந்து 'ஊம்' என்று ஒலித்தால் அது வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் இது இயல்பாகவே அதிகம். சிலர் இதைக் குறைக்கத் தந்திகளைத் தரைக்கம்பியோடு இணைத்துவிடுவார்கள். அப்படிச் செய்த வீணையை, எர்த் இல்லாத மின் இணைப்பில் பழுதான ஒலிபெருக்கியோடு சேர்த்தால் வாசிப்பவரின் விரலுக்கு மின்சாரம் பாயலாம். திருவிழாப் பந்தல்களில் ஜெனரேட்டரை நம்பி வாசிப்பவர் இதைக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

தந்தம் பதித்த வீணை

பழைய வீணைகளில் அழகு வேலைப்பாட்டுக்கு யானைத் தந்தமும் மான் கொம்பும் பதித்ததுண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986, 1991 ஆண்டுகளில் செய்த திருத்தங்களால் இந்திய யானைத் தந்தம், இறக்குமதித் தந்தம் இரண்டின் வணிகமும் தடைசெய்யப்பட்டது. மான் கொம்புக்கும் இச்சட்டத்தின் கட்டுப்பாடு உண்டு. இன்றைய பட்டறைகளில் பிளாஸ்டிக் பயன்படுத்துகிறார்கள். பழைய வேலைப்பாடு தந்தமோ என்ற ஐயம் இருந்தால், வனத்துறையிடம் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்பவர்களுக்குச் சுங்கச் சோதனையில் வீணையே பறிபோகும் ஆபத்து இருக்கிறது.

விலை பேசும் முறை

வீணையில் தந்தி, மெழுகு, மெட்டு, குதிரைத் தகடு, சுரைக்குடுக்கை ஆகியவை காலப்போக்கில் மாற்றப்படுபவை. அவற்றை மாற்றியிருப்பது குறையாகாது. வீணையைக் கவனித்து வந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். குடம், தண்டி, மேற்பலகை மூன்றும் மாற்றத்துக்கு உரியவை அல்ல. வாங்குபவரின் பணம் இம்மூன்றுக்குத்தான் போகிறது.

முடிந்தால் முன்பணம் கொடுக்கும்முன் வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் காட்டுவது நல்லது. தஞ்சாவூர்ப் பட்டறைகளில் புதியது செய்வதோடு பழுதும் பார்க்கிறார்கள். அதே வகைப் புதிய வீணையின் விலை, இந்த வீணையை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு என்ற இரண்டையும் அவரிடம் கேட்டுக்கொண்டால் பேரத்துக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். ஆசாரிக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவாகாது.

விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம்: பிக்கப்பை யார் பொருத்தினார்கள், அதற்குமுன் வேறொன்று இருந்ததா, மேற்பலகையைத் திறந்ததோ வெட்டியதோ உண்டா. கழற்றிய பழைய உறுப்புகள் இருந்தால் அவற்றையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வெட்டு எதுவும் இல்லாமல் பொருத்திய பிக்கப் பிடிக்காவிட்டால், புதிய சொந்தக்காரர் அதை எந்த நாளும் கழற்றி வைத்துவிட்டு வீணையை வீணையாகவே வாசிக்கலாம்.