கூடைக்குள் காய்க்கும் திராட்சை!
எரிமலைத் தீவில் ஒரு விருந்தும் ஒரு கவலையும்

ஆகஸ்டு மாதம். பொழுது இன்னும் விடியவில்லை. ஆண்களும் பெண்களும் கத்தியும் பெட்டியுமாகத் தோட்டத்தில் இறங்குகிறார்கள். தோட்டம் என்று பெயர்தான். பந்தல் இல்லை, கம்பி இல்லை, ஊன்றிய கொம்பு ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத் தரையில், பெரிய பெரிய பறவைக் கூடுகளை யாரோ அங்கங்கே வைத்துவிட்டுப் போனது போல் இருக்கிறது. ஒவ்வொரு கூட்டின் முன்னும் ஓர் ஆள் மண்டியிடுகிறார். இலைகளை விலக்குகிறார். உள்ளே, முட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில், பழுத்த திராட்சைக் குலைகள்!

இதுதான் சாண்டோரினித் தீவு. கிரேக்க நாட்டுக்குச் சொந்தமானது. மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியான ஏஜியன் கடலில், கிரீட் தீவுக்கு வடக்கே இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களில் இதன் பெயர் தீரா. பரப்பு சுமார் 76 சதுர கிலோமீட்டர். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஏறக்குறைய 15 ஆயிரம் பேர். ஆனால் ஒரு வருஷத்தில் இங்கே வந்து போகிறவர்களோ 30 லட்சத்துக்கும் மேல்!

வெள்ளை வீடுகளையும் நீலக் குவிமாடக் கோயில்களையும் அஸ்தமன சூரியனையும் படம் பிடிக்கத்தான் முதலில் எல்லோரும் வந்தார்கள். இப்போது சாப்பிடுவதற்காகவும் குடிப்பதற்காகவும் வருகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

தீவை விழுங்கிய தீ

சுமார் 3,600 வருஷங்களுக்கு முன் இங்கே ஓர் எரிமலை வெடித்தது. தீவின் நடுப்பகுதி உள்ளே இடிந்து விழுந்தது; கடல் புகுந்தது. இன்று பிறைச் சந்திரன் போல் மிஞ்சியிருப்பதே சாண்டோரினி. சாம்பலும் படிக்கல்லும் பல மீட்டர் கனத்துக்கு எல்லாவற்றையும் மூடின.

அந்தச் சாம்பலுக்கு அடியில் ஒரு நகரமே இருந்தது. அக்ரோத்திரி என்ற இடத்தில் 1967-ல் ஸ்பிரிடன் மரினாடோஸ் என்ற தொல்பொருள் அறிஞர் தோண்டத் தொடங்கினார். மாடி வீடுகள் வெளிப்பட்டன, சுவரோவியங்கள் வெளிப்பட்டன. தானியமும் பருப்பும் சேமித்து வைத்த பெரிய ஜாடிகளும் கிடைத்தன. அந்த ஜாடிகளில் இருந்த பருப்பு வகையைத்தான் தீவின் உழவர்கள் இன்றும் விதைக்கிறார்கள்!

அதற்கு ஃபாவா என்று பெயர். நம் நாட்டுக் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த செடி. பருப்பு மஞ்சளாக இருக்கும். வேக வைத்து, களி போல் மசித்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, நறுக்கிய வெங்காயத்தைத் தூவிக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் ஏழையின் தினசரி உணவு. இன்று சீமான்கள் தேடி வந்து சாப்பிடும் பதார்த்தம்.

மழை இல்லை, பனி உண்டு

வெடித்த எரிமலை மண்ணைக் கெடுத்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். கெடுக்கவும் செய்தது, கொடுக்கவும் செய்தது.

இங்கே ஆறு இல்லை, ஓடை இல்லை. வருஷத்துக்குச் சுமார் 35 சென்டிமீட்டர் மழை. அதுவும் குளிர்காலத்தோடு சரி. கோடையில் வானம் ஒரு சொட்டுக்கூடத் தருவதில்லை. மேலும், மெல்தேமி என்ற வடகாற்று நாள் கணக்கில் சுழற்றி அடிக்கும். கொடியைப் பந்தலில் ஏற்றினால் பிய்த்து எறிந்துவிடும்.

ஆனால், இரவில் கடலிலிருந்து ஈரம் எழுகிறது. பனியாக இறங்குகிறது. சாம்பலில் கலந்திருக்கும் படிக்கல் முழுவதும் சின்னச் சின்னத் துவாரங்கள். அது பஞ்சு போல் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. பகலில் வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது.

காற்றுக்கு என்ன செய்வது? அதற்குத் தீவுவாசிகள் கண்ட உபாயந்தான் கூடை! கொடியைத் தரையை விட்டு மேலே போக விடுவதில்லை. குளிர்காலத்தில் கவாத்து செய்யும்போது, நீண்ட தண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக வளைத்துப் பின்னிவிடுகிறார்கள். வருஷா வருஷம் ஒரு சுற்று ஏறும். கூடை மெல்ல உயரும். குலைகள் உள்பக்கம் தொங்கும். காற்று வெளியே அடிக்கும். வெயில் இலைமேல் காயும். பழத்துக்குச் சேதம் இல்லை. இந்தக் கூடைக்கு குலூரா என்று பெயர். வளையம் என்று அர்த்தம்.

எழுபது, எண்பது வருஷங்கள் ஆனதும் கூடை கிழடு தட்டிவிடும், காய்ப்புக் குறையும். அப்போது தரையோடு வெட்டிவிடுவார்கள். அதே வேர் புதிய துளிர் விடும். மறுபடி முதல் சுற்றிலிருந்து பின்னல் தொடங்கும். இதனால் மேலே தெரியும் கொடிக்கு ஒரு வயது. அடியில் உள்ள வேருக்கு நூற்றாண்டுக் கணக்கில் வயது! பாட்டன் வெட்டிய வேரில் பேரன் பழம் பறிக்கிறான்.

பூச்சி தோற்ற இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு பூச்சி ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. பில்லாக்ஸரா என்பது அதன் பெயர். திராட்சை வேரைத் தின்று கொடியைக் கொன்றது. பிரான்சு தேசத்துத் தோட்டங்கள் பாழாயின. கடைசியில், பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுப் போட்டுத்தான் ஒயின் தொழிலைக் காப்பாற்றினார்கள். இன்று உலகத்துத் தோட்டங்களில் பெரும்பாலானவை ஒட்டுக் கொடிகளே.

சாண்டோரினியில் அந்தப் பூச்சியின் ஜம்பம் சாயவில்லை. களிமண் அநேகமாக இல்லாத எரிமலைச் சாம்பலில் அதனால் பிழைக்க முடியாது. ஆகவே இங்கே கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது.

ராத்திரி ஒயினும் வெயில் ஒயினும்

தீவின் முக்கியமான திராட்சைக்கு அசிர்டிகோ என்று பெயர். வெள்ளை இனம். எவ்வளவு வெயில் காய்ந்தாலும் புளிப்பு குறையாது என்பது இதன் விசேஷம். இதன் புகழ் பரவி, ஆஸ்திரேலியாவில்கூட இன்று பயிராகிறது.

முற்காலத்தில் பகல் சூட்டில் பழரசம் கெட்டுவிடும் என்று இருட்டிலேயே பறித்து, அன்று ராத்திரியே பிழிந்துவிடுவார்கள். அப்படிச் செய்த ஒயினுக்கு நிக்தேரி, அதாவது ‘ராத்திரி வேலை’ என்று பெயர் வந்தது.

இன்னொன்று இதற்கு நேர்மாறானது. பறித்த குலைகளை வெயிலில் பரப்பி, இரண்டு வாரம் வரை வற்றலாகக் காய வைக்கிறார்கள். அதைப் பிழிந்தால் தேன் போல் கொஞ்சம் ரசம் வரும். அது மெதுவாக நுரைத்துப் புளித்தபின், இரண்டு வருஷங்களாவது மரப் பீப்பாயில் உறங்க வேண்டும். தங்க நிறத்திலிருந்து பழுப்பாக மாறி வெளியே வரும் இந்த இனிப்பு ஒயினின் பெயர் வின்சாண்டோ. முற்காலத்தில் கப்பல் கப்பலாக ருஷியாவுக்குப் போயிற்று. அங்கே மாதா கோயில்களில் பூசைக்கு உபயோகமாயிற்று.

குகைக்குள் விருந்து

சாம்பல் பாறையைக் குடைந்து செய்த பழைய ஒயின் சாலைகளைக் கனவா என்கிறார்கள். உள்ளே கோடையிலும் குளுமை. இன்று பிரயாணிகள் கூட்டம் கூட்டமாக நுழைவது இங்கேதான். 1980-களின் இறுதியிலிருந்து ஒயின் சாலைகள் பார்வையாளர்களுக்கென்றே கதவைத் திறந்து வைக்கத் தொடங்கின.

முதலில் தோட்டத்தைக் காட்டுகிறார்கள். பிறகு பீப்பாய்களை. கடைசியில் மேஜைமேல் ஐந்தாறு கண்ணாடிக் கிண்ணங்களில் சிறிது சிறிதாக ஊற்றி வைக்கிறார்கள். மடக்கென்று குடித்துவிட்டு எழுந்து போவது இங்கே அநாகரிகம்! கிண்ணத்தைச் சுழற்ற வேண்டும். மோந்து பார்க்க வேண்டும். ஒரு வாய் வைத்து நாக்கில் உருட்ட வேண்டும். வேண்டாதவர்கள் துப்பிவிடலாம், அதற்கும் பாத்திரம் உண்டு.

பக்கத்துத் தட்டில் ஃபாவா இருக்கும். ஆட்டுப் பாலில் செய்த மெதுவான பாலாடைக்கட்டி இருக்கும். உப்பில் ஊறிய கேப்பர் மொட்டு, கசப்பில்லாத வெள்ளைக் கத்தரிக்காய், அப்புறம் தக்காளி வடை!

அந்தத் தக்காளிக்கும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. அதனால் பழம் கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிதாக இருக்கும், தோல் தடிப்பு, ருசியோ இரட்டிப்பு. ஒரு காலத்தில் தீவில் தக்காளியைக் காய்ச்சி டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைகள் பல புகைந்துகொண்டிருந்தன. இப்போது அவற்றில் ஒன்று பொருட்காட்சிச் சாலை. கடற்கரையில் இருந்த இன்னொன்றில் ஒயின் தயாராகிறது.

பூகம்பம் போட்ட பாதை

1956-ம் வருஷம் ஜூலை 9-ந் தேதி அதிகாலையில் பூமி அதிர்ந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஏராளமான வீடுகள் இடிந்தன. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஏதென்ஸ் நகரத்துக்குப் போய்விட்டார்கள். தீவில் மிஞ்சியவர்களுக்கு வறுமையே கதியாயிற்று.

அவர்களைக் கைதூக்கி விட்டவர்கள் உல்லாசப் பிரயாணிகள். 1970-களில் விமானம் வந்தது. பிறகு பெரிய பெரிய கப்பல்கள் வந்தன. இடிந்த குகை வீடுகள் விடுதிகள் ஆயின. 1971-ல் சாண்டோரினி என்ற பெயரை இந்தத் தீவின் ஒயினுக்கு மட்டுமே உபயோகிக்கலாம் என்று சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது. பிரயாணி வந்ததால் ஒயின் விற்றது; ஒயின் விற்றதால் கொடி பிழைத்தது. இதை யாரும் மறுக்க முடியாது.

விருந்தாளியே வீட்டைக் கேட்டால்?

ஆனால், அதே பிரயாணிக்குப் படுக்க அறை வேண்டும். குளிக்க நீச்சல் குளம் வேண்டும். கார் நிறுத்த இடம் வேண்டும். இத்தனைக்கும் நிலம் ஏது? இருப்பது 76 சதுர கிலோமீட்டர். அதில் திராட்சைத் தோட்டந்தான் சமதளமாகக் கிடக்கிறது.

இங்கே ஒரு ஏக்கரில் விளையும் பழம், பிற நாடுகளில் விளைவதில் ஒரு சிறு பங்குதான். அதே இடத்தில் நாலு அறை கட்டி வாடகைக்கு விட்டால், ஒரே பருவத்தில் கை நிறையப் பணம். எந்தப் பிள்ளை மண்டியிட்டுக் கூடை பின்னுவான்? கூடை பின்னத் தெரிந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். இதற்கு இயந்திரமும் கிடையாது. பார்த்துப் பார்த்துக் கைப்பழக்கமாக வர வேண்டிய வேலை. நூறு வருஷங்களுக்கு முன் தீவின் பெரும் பகுதியை மூடியிருந்த தோட்டங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன.

போதாக்குறைக்கு வானமும் கைவிட்டது. 2023, 2024 இரண்டு வருஷங்களிலும் வறட்சியும் வெப்பமும் வாட்டின. விளைச்சல் படுத்துவிட்டது. பழத்தின் விலை ஏறியது. கூடவே ஒயினின் விலையும் ஏறியது. சிலர் கொடியைக் கம்பியில் ஏற்றி, சொட்டு நீர் விட்டுப் பார்க்கிறார்கள். கூடையை விட்டால் சாண்டோரினி ஏது என்று வேறு சிலர் கேட்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

அதிகாரிகளும் சும்மா இருக்கவில்லை. கோடையில் ஒரே நாளில் 11 ஆயிரம் பேர்கூடக் கப்பலிலிருந்து இறங்கியது உண்டு. அதை நாளொன்றுக்கு 8 ஆயிரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்று வரம்பு வகுத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து, நெருக்கடியான மாதங்களில் கப்பலில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் 20 யூரோ வரி போட்டார்கள். ஆனால் வரியால் கூட்டம் குறையலாம். கூடை பின்னும் கை பெருகுமா?

ஓடாதது ஒன்று

2025 பிப்ரவரியில் தீவுக்கு அருகே கடலுக்கடியில் ஆயிரக்கணக்கான முறை பூமி நடுங்கியது. 1956-ஐ நினைத்து ஜனங்கள் பயந்தார்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலிலும் விமானத்திலும் வெளியேறினார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள். தெருக்கள் வெறிச்சோடின. நல்லவேளையாகப் பெரிய விபத்து எதுவும் நேரவில்லை. நடுக்கம் அடங்கியதும் போனவர்கள் திரும்பி வந்தார்கள்; பின்னாலேயே பிரயாணிகளும் வந்தார்கள்.

பிப்ரவரி என்பது கவாத்து செய்து கூடை பின்ன வேண்டிய காலம். மனிதர்கள் ஓடலாம். சாம்பலில் நூற்றாண்டுக் கணக்காக ஊன்றிய வேர் எங்கே ஓடும்? அது பாட்டுக்கு இரவுப் பனியைக் குடித்துக்கொண்டு, வழக்கம்போல் துளிர்க்கக் காத்திருந்தது.

எரிமலைச் சாம்பலில் பிறந்த கொடி அது. காற்றைத் தாங்கியது, வறட்சியைத் தாங்கியது, பூச்சியையும் பூகம்பத்தையும் தாங்கியது. இப்போது அதற்கு வந்திருக்கும் சோதனை தன் சொந்தப் புகழ். அதையும் தாங்குமா என்பது கொடியின் கையில் இல்லை. சாண்டோரினியின் மேஜையில் உட்கார்ந்து கிண்ணத்தை எடுக்கும் விருந்தாளியின் கையில் பாதி இருக்கிறது. மீதி, நிலத்தை விற்கலாமா வைத்திருக்கலாமா என்று யோசிக்கும் உழவனின் பிள்ளை கையில் இருக்கிறது.