கடவுளைக் காப்பிக் கடைக்கு அழைத்து வந்தவர்!

திண்டிவனத்தில் படித்த சிறுவன் புதுமைப்பித்தன் ஆன கதை

சென்னையிலிருந்து தெற்கே போகும் ரயில், திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் ஜங்ஷனில் வந்து நிற்கும். காப்பி விற்பவரின் கூவல், மூட்டை முடிச்சு, குழந்தைகளின் அழுகை. ஒரே சந்தடி! அந்தக் கூட்டத்தில் கடவுளே ஒரு கிழவராக வந்து, உங்களிடம் வழி கேட்டால் எப்படி இருக்கும்?

இந்த வட்டாரத்தில் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒருவருக்கு அப்படி ஒரு கற்பனை தோன்றியது. அவர்தான் புதுமைப்பித்தன். இயற்பெயர் விருத்தாசலம்.

ஊர் ஊராகப் படிப்பு

அவர் 1906-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை சர்க்கார் உத்தியோகஸ்தர். உத்தியோகம் மாறும்போதெல்லாம் குடும்பமும் ஊர் மாறியது. செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று மகன் படித்தான். அன்று இவை எல்லாம் தென் ஆற்காடு ஜில்லா. செஞ்சியும் திண்டிவனமும் இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கின்றன.

எட்டு வயதில் தாயை இழந்தான் சிறுவன். 1918-ல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. 1931-ல் அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. தேறினார். அதே ஆண்டில் கமலாவை மணந்தார்.

நம்ப முடியாத கதைகள்

பிழைப்புக்குச் சென்னை வந்தார். 'மணிக்கொடி'யில் எழுதினார். 'தினமணி'யில் உதவி ஆசிரியராக வேலை பார்த்தார். சுமார் 100 சிறுகதைகள் எழுதினார். அவற்றில் சில, கனவா நனவா என்று திகைக்க வைப்பவை.

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைத் தெருவில் வந்து நிற்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போகிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் சேர்த்து விடுகிறார்! பிள்ளையின் குழந்தைக்கோ அவர் வெறும் தாத்தா. ஆனால் மனிதர்களோடு இருந்து பிழைப்பது கடவுளுக்கே முடியாத காரியமாகிவிடுகிறது.

'காஞ்சனை'யில் ஒரு வீட்டுக்குள் பேய் புகுந்ததா, இல்லையா என்று கடைசி வரை தெரியாது. 'காலனும் கிழவியும்' கதையில் உயிரைக் கொண்டுபோக வந்த எமன் வெறுங்கையோடு திரும்புகிறான்.

ஐரோப்பாவில் காப்கா என்பவரும் இப்படி எழுதினார். ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது பூச்சியாகக் கிடக்கிறான் என்று தொடங்குகிறது அவர் கதை. அது வெளிவந்தது 1915-ல். அவரும் காச நோயால் 1924-ல் 40 வயதில் இறந்தார்.

ஆனால் புதுமைப்பித்தனின் அதிசயங்கள் வேற்று உலகத்தில் நடப்பவை அல்ல. வாடகை வீடு, சில்லறைக் கணக்கு, நாளைக்கு என்ன செய்வது என்ற கவலை ஆகியவற்றின் நடுவே நடப்பவை. அந்தக் கவலையை அவர் நன்றாக அறிந்தவர்.

கையில் காசில்லை

1943-ல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் 'தினமணி'யிலிருந்து விலகினார். புதுமைப்பித்தனும் உடன் விலகினார். பிறகு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார். தாயார் பர்வதத்தம்மாள் நினைவாகப் 'பர்வதகுமாரி' என்ற பெயரில் படக் கம்பெனி தொடங்கினார். அது பலிக்கவில்லை. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனா சென்றவர், நோயாளியாகத் திரும்பினார்.

மனைவியைப் பிரிந்திருந்த காலங்களில் அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்துள்ளன. அன்பும் பணமுடையும் அவற்றில் சேர்ந்தே இருக்கின்றன.

1948 ஜூன் 30-ந் தேதி, திருவனந்தபுரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 42. மகள் தினகரி அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

கதையில் எமனைத் திருப்பி அனுப்பியவரால், வாழ்க்கையில் அப்படிச் செய்ய முடியவில்லை.

2002-ல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. இன்று எவரும் அவற்றைப் பதிப்பிக்கலாம். புதிதாகப் படிப்பவர்கள் கந்தசாமிப் பிள்ளையின் கதையிலிருந்து தொடங்கலாம். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். முதலில் சிரிப்பு வரும். நம் வீட்டுக்கு அவர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற யோசனை, பிறகு வரும்.