பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எதற்கு?

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிக் காரில் போகிறவர்களுக்கு இந்தப் பலகை நன்றாகப் பழக்கம்: 'கும்பகோணம் டிகிரி காபி'. ஒன்றைத் தவறவிட்டாலும் கவலையில்லை, கொஞ்ச தூரத்தில் அடுத்தது வந்துவிடும். ஆனால் கும்பகோணத்தில் ஒரு வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்காருங்கள். "காபி சாப்பிடுறீங்களா?" என்றுதான் கேட்பார்கள். "கும்பகோணம் காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிற வீடு ஒன்றுகூட இருக்காது.

கடப்பாவுக்கும் இதே கதைதான். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்த்து, தேங்காய் அரைத்துவிட்டுக் கொதிக்கவைத்து இட்லிக்கு ஊற்றிக்கொள்கிற அந்த வெள்ளைக் குழம்பு, கும்பகோணத்தில் வெறும் கடப்பா. சென்னை ஓட்டல் மெனுவில் ஏறும்போது அது 'கும்பகோணம் கடப்பா' ஆகிவிடுகிறது. திருவையாற்றில் அசோகா, வெளியூரில் 'திருவையாறு அசோகா'. பண்டம் ஊர் எல்லையைத் தாண்டினால்தான் ஊர்ப்பெயர் அதில் ஒட்டும்.

சின்ன வயதில் இதையே வேறு விதமாக அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு அண்டா, குண்டான், சொம்பு எல்லாவற்றின் விளிம்பிலும் உளியால் புள்ளிபுள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். "நம்ம வீட்டுப் பாத்திரம் நமக்குத் தெரியாதா, எதுக்குப் பேரு?" என்றேன். "இங்கயே கிடந்தா எதுக்கு? கல்யாண வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரணும்ல" என்றாள்.

மனிதருக்கு ஊர்ப்பெயர் ஒட்டுவதற்கும் இதுதான் காரணம். உமையாள்புரத்துத் தெருவில் நின்று "உமையாள்புரம்!" என்று கூப்பிட்டால் எல்லா வாசலிலிருந்தும் தலை நீளும். அந்தப் பெயரால் அங்கே யாரையும் பிரித்துக் காட்ட முடியாது. மயிலாப்பூர் சபாவில் சிவராமன் என்ற பெயரில் நாலு பேர் இருக்கும்போதுதான் அதற்கு வேலை.

காவிரி டெல்டாவில் இந்த வேலை ஆயிரம் வருஷமாக நடக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில், 1014-ஐ ஒட்டிய காலத்தில், முதலாம் ராஜராஜன் ஒரு நீண்ட பட்டியலை வெட்டவைத்தான். வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சாவூருக்கு வரவழைத்துக் குடியமர்த்திய, கோயிலில் ஆடும் 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் அது. எந்தத் தெரு, எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர், எந்தக் கோயில், என்ன பெயர் என்று ஒவ்வொருவருக்கும் எழுதியிருக்கிறது. திருவாரூர், திருவையாறு, பழையாறு, நாகப்பட்டினம் என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு நூறு கலம் நெல். எல்லாப் பெயருக்கும் முன்னால் 'நக்கன்' என்று வருகிறது, ஒரே பெயர் திரும்பத் திரும்பவும் வருகிறது. ஊரை எழுதாவிட்டால் ஒருத்தியின் நெல் இன்னொருத்தி வீட்டுக்குப் போய்விடும். நெல் அளக்கிறவன் கேட்கும் முதல் கேள்வியே "எந்த ஊர்?" என்பதாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். அந்தப் பெண்களுக்கு எழுதியிருப்பது அவரவர் வந்த ஊரும் கோயிலும்தான். தகப்பன் பெயரை அங்கே முன்னால் போடவில்லை.

இங்கிலாந்திலும் ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் குடும்பப் பெயர்களாயின. 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு மெல்ல மெல்லப் பரவி, பதினான்காம் நூற்றாண்டு வாக்கில் அங்கே பரம்பரைப் பெயர் நிலைத்துவிட்டது. ஒருவன் தன் சிற்றூரை விட்டுப் பக்கத்துச் சந்தை நகரத்துக்குப் போனால் அங்கே அவனை அவன் ஊரைச் சொல்லி அழைத்தார்கள். சாட்டர்த்வெயிட் என்று வட இங்கிலாந்தின் ஏரிப் பகுதியில் ஒரு சின்னக் கிராமம். அதே பெயர் கொண்ட குடும்பங்கள் 1881 மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் அடர்ந்து இருக்கின்றன, தூரம் போகப் போகக் குறைகின்றன. கடுகு தாளித்தால் வெடித்துத் தெறிப்பதில் பெரும்பங்கு அடுப்பைச் சுற்றித்தான் விழும், ஒன்றிரண்டுதான் கூடம் வரை ஓடும். சிதறிக் கிடக்கும் கடுகைப் பார்த்து அடுப்பு எங்கே என்று சொல்லிவிடலாம். அபூர்வமான குடும்பப் பெயர்களை ஆராய்கிறவர்கள் செய்வது அதைத்தான். பெயர் எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு எளிதாக அடுப்பு கிடைக்கும். சின்ன ஊரிலிருந்து வெளியே போனவர்களே கொஞ்சம்பேர்தான்.

ஊரை விட்டுப் போகாமலே ஊர்ப்பெயர் சூடிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் நிலத்துக்காரர்கள். அமெரிக்காவின் முதல் அதிபருடைய மூதாதை வில்லியம், ஹெர்ட்பர்ன் என்ற நிலத்தை விட்டுவிட்டு வாஷிங்டன் என்ற ஊரின் நிலத்தைப் பெற்றான். நிலம் மாறியதும் பெயரும் மாறியது. டெல்டாவில் இதற்கு விளக்கமே வேண்டாம். வடபாதிமங்கலம், நெடும்பலம், குன்னியூர், கபிஸ்தலம், பூண்டி என்று சொன்னாலே பழைய ஆட்களுக்கு அங்கே இருந்த பண்ணை வீடு ஞாபகம் வரும். அண்டாவை வெளியே அனுப்பாமலே பெயர் வெட்டிக்கொண்ட வீடுகள் அவை. குதிருக்குள் இருப்பது யாருடையது என்று ஊரே தெரிந்துகொள்ள வேண்டுமே!

அப்படியானால் சாட்டர்த்வெயிட்டைத் தேடுகிற மாதிரி செம்மங்குடியையும் கூடலூரையும் வரைபடத்தில் புள்ளி வைத்துத் தேடலாமா? முடியாது. இங்கிலாந்துக்காரர் பெயர் ஊறுகாய் மாதிரி, ஒரு தடவை போட்டால் தலைமுறை தலைமுறையாக ஜாடியிலேயே இருக்கும். தெலுங்கு வீட்டுப்பெயரும் ஊறுகாய்தான். ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணி, ஆனால் முன்னோர் ஊரான சர்வபள்ளி அவரோடு குடியரசுத் தலைவர் மாளிகை வரைக்கும் வந்தது. தமிழர் பெயர் தயிர். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை குத்துகிறோம். அந்தக் கரண்டிதான் அப்பா பெயர். மகன் தலையெடுக்கும்போது தாத்தா பெயர் கரைந்துபோய்விடும். ஊர்ப்பெயர் உறைசட்டி மாதிரி சில தலைமுறை நிற்கும், வீடு மாற்றும்போது எங்கோ தொலையும்.

உ.வே.சா. என்ற மூன்று எழுத்தில் சட்டி, கரண்டி, தயிர் மூன்றும் இருக்கின்றன: உத்தமதானபுரம், வேங்கடசுப்பையர், சாமிநாதன். பாடகர் ஜி.என்.பி. என்றால் மாயவரம் பக்கத்துக் கூடலூர், அப்பா நாராயணசாமி, பிறகு பாலசுப்பிரமணியம். வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியின் 'வி' வலங்கைமான். எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'எம்' மாயவரம். அந்த ஊருக்கே 1982-இல் மயிலாடுதுறை என்று பெயர் மாறிவிட்டது. பாகவதரின் 'எம்' மட்டும் பெருங்காயம் தீர்ந்த டப்பா மாதிரி பழைய வாசனையோடு இருக்கிறது.

ஆங்கில எழுத்தில் சுருக்கியதில் ஒரு குழப்பமும் வந்து சேர்ந்தது. அஞ்சறைப்பெட்டியின் எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே மூடி போட்ட கதை. புல்லாங்குழல் டி.ஆர். மகாலிங்கத்தின் 'டி' திருவிடைமருதூர், நடனக் கலைஞர் டி. பாலசரஸ்வதியின் 'டி' தஞ்சாவூர். நாகஸ்வரம் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் 'டி' திருமருகல், 'என்' அவரை வளர்த்த மாமா நடேசன். அதற்கும் முன்னால் ஆதீன வித்துவான் என்ற முறையில் திருவாவடுதுறை வந்து உட்கார்ந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு ஊர், ஒன்று பிறப்பால், மற்றது உத்தியோகத்தால். 'திரு' என்று ஊர்ப்பெயர் தொடங்குகிற காவிரிக் கரையில் 'டி' என்ற எழுத்து எதையும் சொல்லாது.

பிறந்த ஊர் என்று நம்பி ஏமாறவும் கூடாது. பாபநாசம் சிவன் பிறந்தது போலகம். பாபநாசத்தில் பஜனை பாடி அந்த ஊர்க்காரர் ஆனார். உ.வே.சா. பிறந்தது உத்தமதானபுரத்தில் இல்லை, சூரியமூலையில். செம்மங்குடி சீனிவாச ஐயர் பிறந்தது செம்மங்குடியில் இல்லை, திருக்கோடிக்காவலில். இரண்டும் அம்மா வழி ஊர்கள். பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போவது வழக்கம் என்பதால் குழந்தை முதல் மூச்சு விடுவது அம்மாவின் ஊரில்; பெயரில் ஏறுவது அப்பாவின் ஊர். நாம் 'சொந்த ஊர்' என்று எழுதுகிற கட்டத்தில் நிற்பது பெரும்பாலும் தாத்தாவின் நெல் இருந்த இடம்தான்.

வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் கதை இன்னும் ஒரு சுற்று. அவருடைய குடும்பம் எப்போதோ தஞ்சைப் பக்கத்திலிருந்து கேரளத்துக் குட்டநாட்டில் உள்ள மான்கொம்புக்குப் போனது. பிறகு அப்பா டாக்டராகக் கும்பகோணத்துக்கே வந்தார். மகன் 1925-இல் கும்பகோணத்தில் பிறந்தார். பெயரின் முதலெழுத்தோ மான்கொம்பைச் சொல்கிறது. இரண்டு ஊரும் நெல் விளைகிற ஊர் என்பதில்தான் பொருத்தம்.

மன்னார்குடிப் பக்கத்துப் பைங்காநாடு கடல் தாண்டியதும் காணாமல் போனது. பி.வி. கோபாலனின் 'பி' அந்த ஊர். மகள் சியாமளா அமெரிக்கா போனபோது கோபாலன் என்ற அப்பா பெயர் கடைசிப் பெயராக ஆனது. பேத்தி கமலாவுக்கு வந்தது ஹாரிஸ், அவர் தந்தையின் பெயர். 2021 ஜனவரியில் அவர் அமெரிக்கத் துணை அதிபராகப் பதவியேற்றபோது பைங்காநாட்டை ஒட்டிய துளசேந்திரபுரத்தில் கோலம் போட்டுக் கொண்டாடினார்கள். அவர் பெயரில் அந்த ஊரின் ஓர் எழுத்துகூட இல்லை. உறைசட்டி இரண்டு தலைமுறையில் காலி.

இவ்வளவு ஊர்களைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. நான் எடுத்துக் காட்டிய பெயர்கள் வித்துவான்கள், மிராசுகள், படித்து வெளியே போனவர்கள். அதே ஊர்களில் நாற்று நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் ஊர்ப்பெயர் எழுத்தாக ஒட்டவே இல்லை. அவர்கள் 'இன்னார் பண்ணையாள்'. ஊர் அவர்களுக்கு உடைமையாக இல்லை, ஊரை விட்டுப் போகிற சுதந்திரமும் இல்லை. ஊர்ப்பெயர் கிடைக்க இரண்டு வழி என்றேனே, இரண்டும் அவர்களுக்கு அடைத்திருந்தன. 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயரின் வாலில் இருந்த சாதி கழன்றது நல்லதுதான். ஆனால் தலையில் இருந்த ஊரைப் பார்த்தே சாதியை மோப்பம் பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பெண்கள்? பெரிய கோயில் சுவரில் சொந்த ஊரோடு நின்றவர்கள் இன்ஷியல் காலத்தில் அப்பாவின் எழுத்திலிருந்து புருஷனின் எழுத்துக்கு மாறுகிறவர்கள் ஆனார்கள். ஒரு விதிவிலக்கு வீணை தனம்மாள் குடும்பம். தஞ்சை அரசவையில் பாடி ஆடிய முன்னோர் வழி வந்தவர்கள், தலைமுறைகளாகச் சென்னையில் வாழ்ந்தவர்கள். பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி என்று பேத்திகள் பெயரிலும் அந்தத் தஞ்சாவூர் 'டி' தொடர்ந்தது. பெண் வழியாகவே கைமாறிய ஊறுகாய் ஜாடி அது.

பெண்ணின் பெயருக்கு ஊர் கொடுத்த இன்னொரு சம்பவமும் உண்டு. வள்ளியம்மை 1898-இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தாள். தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகத்தில் சிறைபோய், வெளியே வந்த கையோடு 1914 பிப்ரவரியில் இறந்தாள். வயது பதினாறு. காந்தி அவளைப் பற்றி எழுதியபோது ஜோகன்னஸ்பர்க் பெண் என்றுதான் எழுதினார். பெற்றோர் வழி ஊரான தில்லையாடி அவள் பெயருக்கு முன்னால் ஒட்டியது இங்கே, தமிழ்நாட்டில். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வராத பாத்திரத்துக்கு வீட்டில் இருந்தவர்களே பெயர் வெட்டிவைத்தார்கள்.

மற்றப் பெண்களின் ஊர் எங்கே இருக்கிறது என்றால், பரணில். எங்கள் வீட்டு அண்டாவில் இருந்த எழுத்து என் அப்பா வீட்டு எழுத்தில்லை என்று ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சீராக வந்த பாத்திரம், அம்மாவின் அப்பா வெட்டிக் கொடுத்தது, முதலெழுத்து அவளுடைய ஊர். எவர்சில்வர் வந்த பிறகு பித்தளை, வெண்கலம் எல்லாம் எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் மிச்சம் ஏதாவது இருந்தால் எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் புளி போட்டுத் தேய்த்து, விளிம்பில் இருக்கும் எழுத்தைப் படித்துவிடுங்கள். அது எந்த ஊர் என்று சொல்லக்கூடிய ஆள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதியும் வைத்துவிடுங்கள்.