விழுப்புண் காத்தலும் வேம்பும்

போரிற் புண்பட்ட வீரனை மனையிற் கிடத்தித் தழையும் புகையும் இசையும் கொண்டு பேணிய வழக்கம் சங்க நூல்களில் விளங்கக் காணப்படுகிறது. புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாவண்ணம் மனைவி காத்தலைத் தொல்காப்பியப் புறத்திணையியல் தொடாக்காஞ்சி என்னும் துறையாக வகுத்துள்ளது. இவ்வழக்கம் மருத்துவமா, அச்சத்தின்பாற்பட்ட சடங்கா என்னும் வினாவிற்குப் பாடல்களின் சொல்லாட்சி கொண்டே விடை காண முயல்வாம்.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடல் இச்சடங்கினை விரிவாகக் காட்டுகிறது. தலைவி தன் தோழியை விளித்துக் கூறுவதாக அஃது அமைந்துள்ளது. இனிய கனியையுடைய இரவத்தின் தழையை வேம்பின் தழையோடு மனையிற் செருகுதல், யாழும் பிற இயங்களும் ஒலிக்கச் செய்தல், மையிழுது பூசுதல், வெண்சிறுகடுகாகிய ஐயவியைத் தூவுதல், ஆம்பற்குழல் ஊதுதல், மணி அடித்தல், காஞ்சி பாடுதல், நறும்புகை எழுப்புதல் என வினைகள் நிரல்பட வருகின்றன. 296ஆம் பாடலிலோ வேப்பங்கிளை ஒடித்தலும், காஞ்சி பாடுதலும், நெய் தோய்ந்த கையினர் ஐயவி புகைத்தலும் எல்லா மனைகளிலும் நிகழ்ந்து ஆரவாரம் மிகுகின்றது. ஒரு வீரனின் தேர் மட்டும் இன்னும் மீளவில்லை.

இவ்வினைகள் எதனை நோக்கியவை என்பது கருதத்தக்கது. வேம்பு மனையிற் செருகப்படுகிறது. ஐயவி தூவப்படுகிறது, புகைக்கப்படுகிறது. நறும்புகை இல்லமெங்கும் பரவுகிறது. தழையை அரைத்துப் புண்ணில் அப்பியதாக இவ்விரு பாடல்களும் கூறவில்லை. வேப்பிலைக்கு நுண்ணுயிர்களை ஒடுக்கும் ஆற்றல் உண்டென இக்கால ஆய்வுகள் காட்டுவது மெய்யே. பூச்சிகளை உண்ணவொட்டாது தடுக்கும் அசாடிராக்டின் என்னும் பொருளும் 1968இல் வேப்பவிதையினின்று பிரித்தெடுக்கப்பட்டது. ஆயினும், அவ்வறிவினைப் பாடலுள் ஏற்றி, கிருமிகொல்லி எனத் தெளிந்தே பண்டையோர் வேம்பினைச் செருகினர் என்பது சொல் கடந்த பொருளாம்.

இதனால் அவர் புண்மருத்துவம் அறியாதவர் என்று கொள்ளற்க. பதிற்றுப்பத்தின் 42ஆம் பாடல், குளத்தில் மூழ்கி எழும் சிரற்பறவையை உவமை காட்டி, மார்பின் புண்ணைத் தைத்த நெடிய வெள்ளூசியைக் குறிக்கின்றது. புறநானூற்று 353ஆம் பாடல் பஞ்சு நீக்கப்படாத புண்ணினரைச் சுட்டுகிறது. எனவே, புண்ணுக்கு ஊசியும் பஞ்சும், புண்பட்டோனுக்குத் தழையும் புகையும் பாட்டும் என இருவகைப் பணிகள் அக்காலத்து இருந்தன என்க.

பின்னதன் பெயர் காப்பு என்பதாகும். மலைபடுகடாத்தில், புலி பாய்ந்து கணவர் மார்பில் ஆக்கிய புண்ணின் துயர் தணியக் கொடிச்சியர் காப்பெனப் பாடுகின்றனர். புறநானூற்று 291ஆம் பாடலில், களத்தில் வீழ்ந்தவன்பால் பறவைகள் அணுகாமற் காக்குமாறு பிறரை ஏவும் பெண், தான் விளரிப்பண்ணால் நரியை ஓட்டுவதாகக் கூறுகிறாள். வெறியாட்டிற்கு வேலன் வேண்டும். காப்பிலோ, 281ஆம் பாடலிலும் மலைபடுகடாத்திலும் பெண்டிரே முன்னிற்கின்றனர். துயருற்றோன் தனித்து விடப்படாமையும், இரவு முழுதும் ஒருவர் விழித்திருத்தலும் இதனால் இயல்பாக அமைந்திருக்கும்.

பெரியம்மை ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பின்னரும், சின்னம்மை கண்ட இல்லத்தின் வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கம் தமிழகத்தில் உள்ளது. ஆண்டும் தழை முதற்கண் காப்பது மனையையே. ஆதலின் இச்சடங்கினை மூடவழக்கு என இகழ்தலும், மறைந்திருந்த அறிவியல் எனப் புகழ்தலும் பொருந்தா. மருந்தின் வேறாய், மருந்தோடு உடனிகழ்ந்த பேணுதல் என்பதே பாடல்கள் தரும் முடிபாகும்.